முற்றத்தின் அடியில் இரு குழாய்கள்: தளம் பாவுமுன் அறிய வேண்டுவன

வீட்டின் சுவரும் கூரையும் கண்ணுக்குப் புலனாகின்றன. ஆனால் வீட்டு வாழ்வுக்கு இன்றியமையாத இரு குழாய்கள் மண்ணுள் மறைந்து கிடக்கின்றன. ஒன்று குடிநீரை உள்ளே கொணர்வது. மற்றொன்று கழிவுநீரை வெளியே கொண்டுசெல்வது. முற்றத்திற்குத் தளம் பாவும்போதும் தோட்டம் அமைக்கும்போதும் இவ்விரண்டையும் மறந்துவிடுதல் சாதாரணமாக நிகழும் பிழையாகும். அதனால் பொருட்செலவு நேர்வதோடு, குடிநீர் கெட்டு நோய் பரவவும் இடமுண்டு.

கிழக்கேகோட்டை தரும் பாடம்

கரமனை ஆற்றின் நீரை அருவிக்கரையில் எடுத்துத் தூய்மை செய்து திருவனந்தபுரம் நகருக்குக் குழாய் வழியே வழங்கும் ஏற்பாடு 1933-இல் தொடங்கியது. நகரின் கழிவுநீர்க் குழாய் அமைப்பு 1940-களில் செயற்படலாயிற்று. கோட்டைப் பகுதியின் பழைய தெருக்களில் வீடுகள் வரிசையாக ஒட்டியுள்ளன; காலியிடம் குறுகியது. ஆகவே சில அடி அகலமுள்ள நிலத்திலேயே இரு குழாய்களும் செல்ல வேண்டியுள்ளது.

தம்பானூரும் கிழக்கேகோட்டையும் பெருமழையில் நீர் தேங்கும் இடங்கள் என்பது பலரும் அறிந்தது. 2015-இல் 'ஆபரேஷன் அனந்தா' என்னும் பெயரால் அங்கு வடிகால்களின் மீதிருந்த ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டு, படிந்திருந்த மண்ணும் குப்பையும் வாரப்பட்டன. திறக்க முடியாதபடி மூடப்பட்ட வடிகாலைத் துப்புரவு செய்ய இயலாது என்பதே இதனால் பெறப்படும் பாடம். வீட்டு முற்றத்திற்கும் இவ்விதி பொருந்தும். எதையும் மூடலாம்; ஆனால் திறக்கும்படி மூடுதல் வேண்டும்.

குடிநீர் கெடுவது எவ்வாறு?

குடிநீர்க் குழாயில் அழுத்தம் நிறைந்திருக்கும்போது, விரிசல் இருப்பின் நீர் வெளியே கசியும். வழங்கல் நின்று அழுத்தம் குறையும்போதோ, சுற்றியுள்ள மண்ணின் ஈரம் அதே விரிசல் வழியே உள்ளே இழுக்கப்படும். அருகில் கழிவுநீர்க் குழாயின் இணைப்பு ஒழுகுமாயின், நேர்வதை ஊகிப்பது கடினமன்று.

1969-இல் அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வொர்ஸ்டர் நகரின் ஹோலி கிராஸ் கல்லூரியில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. விளையாட்டுத் திடலுக்கு நீர் பாய்ச்சும் குழாய்முனைகள் தரைமட்டத்திற்குக் கீழே குழிகளில் அமைந்திருந்தன. அக்குழிகளில் தேங்கிய நீர் மாசுற்றிருந்தது. அண்மையில் தீயணைக்க நீர் எடுக்கப்பட்டபோது குழாயின் அழுத்தம் குறைந்து, குழிநீர் குடிநீர்க் குழாயினுள் புகுந்தது. காற்பந்துக் குழுவினர் 97 பேரில் 90 பேரைக் கல்லீரல் அழற்சி தொற்றியது. தோட்டக் குழாயைக் குழிக்குள் புதைத்தல் ஆகாது. தரைக்கு மேலே உயர்த்தி நிறுத்துதலே தகும்.

முதற்பணி: வரைபடம்

கல் வாங்குவதற்கு முன் காகிதமும் அளவு நாடாவும் எடுத்துக்கொள்க. கழிவுநீர்க் குழாய் திசை மாறும் இடங்களில் சோதனைத் தொட்டி இருத்தல் முறை. அவற்றின் மூடிகளைத் திறந்து, ஒரு தொட்டியிலிருந்து அடுத்ததற்கு நேர்கோடு வரைக. குடிநீர் மீட்டரிலிருந்து வீட்டினுள் செல்லும் குழாயையும் வேறு நிறத்தில் குறிக்க. ஒவ்வொரு புள்ளிக்கும் வீட்டின் மூலை, கிணற்றின் கைப்பிடிச்சுவர் போன்ற இரு நிலையான இடங்களிலிருந்து தொலைவு அளந்து எழுதுக. பல ஆண்டுகள் கழிந்தபின்னும் அப்புள்ளியைத் தவறாது காண இதுவே வழி.

அடுத்து, எல்லாக் குழாய்முனைகளையும் அடைத்து மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்க. ஒரு மணி நேரத்திற்குப் பின் எண் மாறியிருப்பின் எங்கோ கசிவு உண்டு. அதைச் சீர்செய்த பின்னரே தளம் பாவுக.

சரிவின் கணக்கு

100 மில்லிமீட்டர் கழிவுநீர்க் குழாய்க்கு 40-க்கு 1 என்னும் சரிவு பழைய நல்விதி. 12 மீட்டர் நீளத்தில் குழாய் 30 சென்டிமீட்டர் தாழும். வீட்டருகே 45 சென்டிமீட்டர் ஆழத்தில் தொடங்கும் குழாய், தரை சமமாயின் வாயிலருகே 75 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும். கடப்பாரை பிடிப்போர் இதை முன்னரே அறிதல் நன்று.

தளத்தின் மேற்பரப்பு வீட்டிலிருந்து விலகி 50-க்கு 1 வீதம் சரியட்டும். 3 மீட்டர் அகலத்திற்கு 6 சென்டிமீட்டர் போதும். 100 சதுர மீட்டர் முற்றத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர் நீர் சேரும். அந்நீரைச் சோதனைத் தொட்டியினுள் விடுதல் பெரும் பிழை. கழிவுநீர்க் குழாய் அவ்வளவைத் தாங்காது. தாழ்ந்த வீட்டின் கழிப்பறை வழியே நீர் மேலெழும். மழைநீர் மண்ணிலோ மழைநீர் வடிகாலிலோ சேர்தல் வேண்டும்.

பாவும் முறை

குழாய் செல்லும் பட்டையின்மேல் கான்கிரீட்டை ஒரே பாளமாக வார்த்தல் தகாது. மணற்படுகையின்மேல் இன்டர்லாக் கற்களைப் பரப்பின், பழுது நேரும்போது பெயர்த்தெடுத்து மீண்டும் பதிக்கலாம். தளம் உயருமாயின் சோதனைத் தொட்டியின் சட்டத்தையும் மூடியையும் அதே மட்டத்திற்கு உயர்த்துக. அழகின்பொருட்டு மூடியைக் கல்லுக்கடியில் புதைத்தல் ஆகாது. புதுக் குழாய் இடுங்கால், குடிநீர்க் குழாயைக் கழிவுநீர்க் குழாயினின்று இயன்றவரை விலக்குக. குறுக்கிட நேரின் அரை மீட்டராவது மேலே கடத்துக; அவ்விடத்தில் இணைப்பு வைத்தல் கூடாது.

மரம் நடுதல்

பழுதற்ற குழாயை வேர் தேடிச்சென்று உடைப்பதில்லை. ஒழுகும் இணைப்பின் ஈரத்தை நாடியே மெல்லிய வேர் உட்புகுந்து பெருகும். குறுகிய துண்டுகளாக இணைத்த பழைய சுட்டமண் குழாய்களில் இணைப்புகள் மிகுதி. ஆதலால் அபாயமும் மிகுதி. பலா, மா போன்ற மரங்கள் குழாயினின்று 3 மீட்டராவது விலகியிருத்தல் நலம். ஆல், அரசு, மூங்கில் ஆகியவற்றைச் சிறு முற்றத்தில் தவிர்க்க. குழாயின் மேலுள்ள பட்டைக்குப் புல்லும் துளசியும் ஏற்றவை.

வகுப்பறைப் பயிற்சி

ஒரு ரப்பர்க் குழலின் நடுவே ஊசித்துளை இட்டு, அப்பகுதியை நிறம் கலந்த நீரில் அமிழ்த்துக. உயரே வைத்த பாத்திரத்திலிருந்து குழல் வழியே தெளிந்த நீரைத் தாழ்ந்த பாத்திரத்திற்கு ஓடவிடுக. பின்னர்த் துளைக்கு மேற்புறத்தில் குழலைச் சட்டென நெரிக்க. கீழே வழியும் நீரில் நிறம் தோன்றக் காணலாம். இதைக் கண்ட மாணவர் தம் வீட்டு முற்றத்தின் வரைபடத்தையும் வரைந்து வருவாராக. களப் பணியாளர் அதைச் சரிபார்த்து வீட்டாரிடம் அளிப்பாராயின், அடுத்த முறை அம்மண்ணைத் தோண்டுவோருக்கு அத்தாளே வழிகாட்டியாகும்.