வேப்பம்பட்டிலிருந்து டர்போ கார் வாங்கப் போகிறவருக்கு

பழைய டர்போ ஹேட்ச்பேக் ஒன்றை வாங்க ஆசைப்படுகிறவர் முதலில் விசாரிப்பது பவரைத்தான். வேப்பம்பட்டில் குடியிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கோ பாடிக்கோ தினமும் வண்டி எடுக்கப் போகிறவர் அதற்கு முன்பே விசாரிக்க வேண்டியது கியர்பாக்ஸை. இந்த ரகக் கார்களில் லட்சக்கணக்கில் செலவு வைப்பது பெரும்பாலும் என்ஜின் இல்லை, கியர்பாக்ஸ்தான். அதைச் சீக்கிரம் கெடுப்பதற்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது நம் சென்னை-திருவள்ளூர் சாலை, அதாவது சி.டி.எச். ரோடு.

காலை எட்டரைக்குக் கிளம்பிப் பாருங்கள். திருநின்றவூர், பட்டாபிராம், ஆவடி, திருமுல்லைவாயல், அம்பத்தூர் ஓ.டி. என்று ஒவ்வொரு இடத்திலும் பஸ் நிற்கும், ஷேர் ஆட்டோ திரும்பும், வேகத்தடை வரும். முதல் கியரும் இரண்டாம் கியருமாகவே முக்கால்வாசித் தூரம் போய்விடும். நடுவே நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலை குறுக்கிடுகிறது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர், ஆறு வழி. காரை விற்க வருகிறவர்கள் டெஸ்ட் டிரைவுக்கு உங்களை அங்கேதான் அழைத்துப் போவார்கள். அங்கே எல்லாக் காரும் நன்றாகத்தான் ஓடும். நீங்கள் வாங்கும் கார் தன் ஆயுளில் பெரும்பகுதியைக் கழிக்கப்போவது ஆவடி நெரிசலில். டெஸ்ட் டிரைவும் அங்கேதான் நடக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு விஷயம். கார் உங்களுக்கு ஸ்டேஷன் வரை போகத்தான் வேண்டும், அங்கிருந்து மின்சார ரயில் என்றால், டர்போ வேண்டவே வேண்டாம். இரண்டு கிலோமீட்டர் ஓடி நிறுத்தும் வண்டியில் என்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து ஆயில் நீர்த்துப்போகும். நேரடி இன்ஜெக்‌ஷன் உள்ள என்ஜினானால் உள்வரும் வால்வுகளில் கரியும் சேரும். அப்படியானால் சாதாரண 1.2 லிட்டர் ஸ்விஃப்ட் போதும், மிச்சப் பணம் கையில் இருக்கும்.

இனி ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. இந்த ரகக் கார்களில் அதிகம் பேர் கனவு காண்பது இந்தக் காரைத்தான். கனவில் தவறில்லை. கதவை மூடும் சத்தம், நெடுஞ்சாலையில் தரையைப் பிடித்து ஓடும் விதம், ஸ்டியரிங்கின் கனம் எல்லாமே அதன் விலைக்கு மேலான தரம். ஆனால் போலோ ஜி.டி. என்ற ஒரே பேட்ஜில் இரண்டு வேறு டர்போ பெட்ரோல் கார்கள் உண்டு. 2013-ல் வந்தது 1.2 லிட்டர் நான்கு சிலிண்டர் டி.எஸ்.ஐ., 105 பி.எஸ்., கூடவே டி.எஸ்.ஜி. என்ற ஏழு கியர் ஆட்டோமேட்டிக். 2020-ல் பி.எஸ்.6 விதிகளோடு அது போய், 1.0 லிட்டர் மூன்று சிலிண்டர், 110 பி.எஸ். என்ஜின் வந்தது. போலோவில் அந்த என்ஜினுக்கு ஆறு கியர் மேனுவலும், டார்க் கன்வெர்ட்டர் கொண்ட ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கும் கொடுத்தார்கள். 2022-ல் போலோவே நின்றுவிட்டது.

இதில் முதல் காரை வாங்க யோசிப்பவர், டி.க்யூ.200 என்ற அந்த டி.எஸ்.ஜி. எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டே ஆக வேண்டும். உள்ளே இரண்டு கிளட்ச். ஒன்று 1, 3, 5, 7 கியர்களுக்கு, மற்றொன்று 2, 4, 6, ரிவர்ஸுக்கு. இரண்டும் எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச், காற்றால் மட்டுமே குளிர்பவை. ஹாஃப் கிளட்ச்சில் ஓட்டாதே என்று டிரைவிங் ஸ்கூலில் சொல்லித்தருகிறார்களே, நெரிசலில் ஊர்ந்து போகும்போது இந்த கியர்பாக்ஸின் கம்ப்யூட்டர் அதைத்தான் இடைவிடாமல் செய்கிறது. கிளட்ச் சூடாகும், தேயும், பிறகு அதிரத் தொடங்கும். கிளட்ச்களையும் கியர்களையும் இயக்கும் மெக்கட்ரானிக் என்ற பாகம் வேறு இருக்கிறது. கம்ப்யூட்டரும் ஹைட்ராலிக் பம்பும் வால்வுகளும் ஒரே பெட்டியில். அது போனால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும், கியர் எழுத்து டேஷ்போர்டில் மினுக்கும்.

இது ஒன்றிரண்டு வண்டிகளின் துரதிர்ஷ்டம் இல்லை. 2013 மார்ச்சில் சீனாவில் டி.எஸ்.ஜி. கோளாறுக்காக 3,84,181 கார்களைத் திரும்ப அழைத்தது ஃபோக்ஸ்வேகன். அதே ஆண்டின் இறுதியில் மற்ற பல நாடுகளிலும் இந்த ஏழு கியர் பெட்டியின் எண்ணெயை மாற்றித் தர வேண்டியிருந்தது. பின்னாளில் பாகங்களைத் திருத்தினார்கள் என்பதும் உண்மை. ஆனால் இன்று நீங்கள் பார்க்கும் 2015, 2016 மாடல் வண்டிக்கு வாரன்டி கிடையாது. மெக்கட்ரானிக் முழுதாக மாற்ற கம்பெனி எஸ்டிமேட் ஒரு லட்சத்தைத் தாண்டும், கிளட்ச் செட்டும் சேர்ந்தால் இரண்டு லட்சத்தை எட்டிவிடும். வெளியே டி.எஸ்.ஜி. தெரிந்த மெக்கானிக்குகள் பழுதான பாகத்தை மட்டும் சரிசெய்து செலவைப் பாதியாகக் குறைப்பதுண்டு. அப்படிப்பட்டவர் எல்லா ஊரிலும் இருக்க மாட்டார், திருவள்ளூர் பக்கத்திலிருந்து நகரத்துக்குள் கார் டோ ஆகிப் போக வேண்டியிருக்கும். சந்தையில் டி.எஸ்.ஜி. போலோ மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இதுதான். விற்பவர் குறைத்த தொகையை கியர்பாக்ஸ் உங்களிடம் வசூலித்துவிடும்.

வாங்கித்தான் தீருவேன் என்பவர் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கையோடு அழைத்துப் போங்கள். சும்மா எரர் கோடு பார்த்தால் போதாது, விற்க வருவதற்கு முன் அதை அழித்திருப்பார்கள். கிளட்ச் எவ்வளவு சூட்டில் ஓடியிருக்கிறது என்ற கணக்கு கியர்பாக்ஸின் கம்ப்யூட்டரிலேயே பதிந்திருக்கும், அதைப் படிக்கச் சொல்லுங்கள். பவரைக் கூட்ட ரீமேப் செய்த வண்டியானால் தொடாதீர்கள். இந்த கியர்பாக்ஸ் தாங்கும் வரம்பு 250 நியூட்டன் மீட்டர், கம்பெனி கொடுத்த என்ஜின் 175. இடையில் இருக்கும் அந்த இடைவெளிதான் அதன் ஆயுள். ரீமேப் அதைத்தான் தின்கிறது.

1.0 டி.எஸ்.ஐ. போலோ வேறு கதை, நிம்மதியான கதை. மேனுவலில் கிளட்ச் தேய்ந்தால் கிளட்ச் மட்டும்தான் செலவு. டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் நெரிசலுக்கென்றே பிறந்தது. இந்த என்ஜின் குடும்பத்தில் கவனிக்க வேண்டியது ஃப்யூயல் பம்ப். இதே குடும்ப என்ஜின் கொண்ட ஸ்கோடா குஷாக்கில் 2021-ல் ஈ.பி.சி. விளக்கு எரிந்து பவர் குறையும் புகார்கள் வந்து, பம்பை மாற்றித் தந்தார்கள். போலோ பார்க்கும்போதும் அந்த விளக்கின் வரலாற்றை சர்வீஸ் ரெக்கார்டில் தேடுங்கள். ஏ.சி. குளிர்கிறதா என்பதை நிற்கும் வண்டியில், உச்சி வெயிலில் பாருங்கள். கூலிங் காயில் கசிந்தால் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும், அந்தக் கூலிதான் அதிகம்.

ஹூண்டாய் ஐ20 என் லைன் நம் பக்கத்து ஊர்க் கார், இருங்காட்டுக்கோட்டையில் செய்யப்படுவது. 2021-ல் வந்தது, 1.0 லிட்டர் டர்போ, 120 பி.எஸ்., 172 நியூட்டன் மீட்டர், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். இதிலும் கியர்பாக்ஸ்தான் பிரிக்கும் கோடு. ஏழு கியர் டி.சி.டி.யும் டி.எஸ்.ஜி. போல உலர் கிளட்ச் வகை. போலோ அளவுக்குக் கெட்ட பெயர் வாங்கவில்லை என்றாலும் இயற்பியல் ஒன்றுதான்: ஊர்ந்தால் சூடாகும். வாரன்டிக்குள் இருக்கும் வண்டியானால் யோசிக்கலாம், முடிந்த வண்டியானால் வேண்டாம். கிளட்ச் செட் மாற்றினால் பில் லட்சத்தை நெருங்கும். கிளட்ச் பெடல் இல்லாத ஐ.எம்.டி.யில் கியரை நாமே போடுவோம், கிளட்ச்சை மின்னணு ஆக்சுவேட்டர் அழுத்தும். சாதாரண கிளட்ச்சோடு ஆக்சுவேட்டரும் சென்சாரும் கூடுதல் செலவுக்கு இடமளிப்பவை. 2023 செப்டம்பரில் வந்த புதிய வடிவத்தில் ஐ.எம்.டி.யை எடுத்துவிட்டு முறையான ஆறு கியர் மேனுவலைக் கொடுத்தார்கள். பணம் எட்டுமானால் அந்த மேனுவல் நல்ல கார்.

மாருதி பலேனோ ஆர்.எஸ். என்ற காரைப் பலரும் மறந்தே போனார்கள். 2017 மார்ச்சில் வந்து, பி.எஸ்.6 வரும்போது 2020-ல் நின்றுபோனது. 1.0 லிட்டர் பூஸ்டர்ஜெட், 102 பி.எஸ்., ஐந்து கியர் மேனுவல், பின்னாலும் டிஸ்க். எடை குறைவு என்பதால் ஓட்டுவதற்குத் துள்ளலாக இருக்கும். அதன் பெரிய பலம் வேறு. பூஸ்டர்ஜெட் என்ஜின் 2023-ல் ஃப்ராங்க்ஸ் காரில் திரும்பி வந்தது. அதனால் என்ஜினைத் தெரிந்த கைகள் கம்பெனி சர்வீஸிலேயே இருக்கின்றன. பாடி பாகங்கள் பெரும்பாலும் சாதாரண பலேனோவுடையவை, சென்னை ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். கிளட்ச் வேலை கூலியோடு ரூ.20,000-க்குள் முடியும் ரகம். ஒன்றை மட்டும் உறுதி செய்யுங்கள்: 2016 அக்டோபருக்கும் 2019 நவம்பருக்கும் இடையில் தயாரான 7,213 பலேனோ ஆர்.எஸ். வண்டிகளை 2023 ஏப்ரலில் மாருதி திரும்ப அழைத்தது. பிரேக் மிதிக்க உதவும் வேக்வம் பம்பில் குறை, பெடலை அதிகம் அழுத்த வேண்டிவரலாம் என்று. இலவசமாக மாற்றித் தந்தார்கள். சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, நீங்கள் பார்க்கும் வண்டிக்கு அது நடந்ததா என்று மாருதி சர்வீஸில் கேட்டுவிடுங்கள். பிரேக் விஷயம், விட்டுவிடாதீர்கள்.

டாடா ஆல்ட்ராஸ் ஐடர்போ (2021, 110 பி.எஸ்.) வேகத்தில் மற்றவற்றுக்குக் கொஞ்சம் பின்தங்கும். 2024-ல் வந்த ரேசர், 120 பி.எஸ். மற்றும் ஆறு கியர் மேனுவலோடு அந்தக் குறையைத் தீர்த்தது. குடும்பத்தோடு போகிறவர் கவனிக்க வேண்டியது 2020-ல் குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஆல்ட்ராஸ் பெற்ற ஐந்து நட்சத்திரம். மேலே சொன்ன மற்ற டர்போ என்ஜின்கள் நேரடி இன்ஜெக்‌ஷன் வகை, இது பழைய பாணியில் வால்வுக்கு முன்னால் பெட்ரோல் தெளிப்பது, கரிப் பிரச்சினை குறைவு. தொந்தரவு தருவது திரை, சென்சார், சஸ்பென்ஷன் சத்தம் போன்ற சில்லறை விஷயங்கள். செலவு சிறியது, அலைச்சல் பெரியது. நல்ல சர்வீஸ் சென்டர் பக்கத்தில் அமைந்தவருக்கு இது குறையே இல்லை.

அபார்த் புன்ட்டோவும் டியாகோ ஜே.டி.பி.யும் மனசுக்குப் பிடித்தவை. 2015-ல் வந்த அபார்த்தின் 145 பி.எஸ். இன்றும் பெரிய எண். ஜே.டி.பி. நம் கோயம்புத்தூர் ஜெயம் நிறுவனம் டாடாவோடு சேர்ந்து உருவாக்கியது, தமிழ்நாட்டு ரேசிங் அறிவு ஷோரூம் வரை வந்த அரிய சந்தர்ப்பம். ஆனால் இரண்டுக்கும் பம்பரும் ஸ்பிரிங்கும் போன்ற தனிப் பாகங்கள் கிடைப்பது கஷ்டம். வீட்டில் இன்னொரு கார் இருப்பவர் வாங்கட்டும்.

எந்தக் கார் வாங்கினாலும் சில செலவுகள் வந்தே தீரும். நம் ரோட்டில் லிங்க் ராட், ஆர்ம் புஷ், ஷாக் மவுண்ட் மூன்றும் முதலில் போகும். முன்பக்க ஷாக் ஜோடியோடு சேர்த்துச் செய்தால் மாருதிக்கு ரூ.12,000 அளவில் தொடங்கும், போலோவுக்கு அதைவிட நன்றாகவே கூடும். 16 இஞ்ச் சக்கரத்தில் 195/55 டயர் மெல்லியது, பள்ளத்தில் பக்கவாட்டில் புடைத்துவிடும். ஒரு டயர் ரூ.6,000 முதல் ரூ.9,000 வரை. ஆயிலை 10,000 கிலோமீட்டருக்கு அல்லது வருடத்துக்கு ஒருமுறை, கம்பெனி சொன்ன கிரேடில் மாற்றுங்கள். டர்போவின் ஆயுள் அதில் இருக்கிறது. இ20 பெட்ரோலால் 2023-க்கு முந்தைய கார்களின் மைலேஜ் குறையும். நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையே 6 முதல் 7 சதவீதம் வரை என்று சொல்லியிருந்தது.

வெள்ளம் நம் பகுதிக்கு மிக முக்கியம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையைச் சுற்றி எத்தனையோ கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சீட்டுக்கு அடியில் அது நகரும் ரெயிலில் துரு இருக்கிறதா, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல் ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் பழைய கிளெய்ம் விவரம் கேளுங்கள். வாங்கிய பிறகு பாலிசியில் என்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் சேருங்கள். தண்ணீர் உறிஞ்சி என்ஜின் போனால் சாதாரண பாலிசியில் பணம் வராது.

ஏழு லட்சத்துக்குள் கையில் வைத்திருக்கும் வேப்பம்பட்டுக்காரருக்கு என் தீர்ப்பு, ரீகால் வேலை முடிந்த பலேனோ ஆர்.எஸ். கூடுதலாக ஒன்றரை லட்சம் முடியுமானால் 1.0 டி.எஸ்.ஐ. போலோ மேனுவல். குடும்பத்தோடு போகிறவருக்கு ஆல்ட்ராஸ். டி.எஸ்.ஜி. போலோ எவ்வளவு குறைந்த விலைக்கு வந்தாலும், தனியாக இரண்டு லட்சம் எடுத்துவைக்க முடியாதவர் அதன் சாவியைக் கையில் வாங்க வேண்டாம்.