கறிக்கோழித் தீவனம்: ஆர்கானிக் மினரலை எங்கே சேர்ப்பது, எங்கே சல்பேட்டே போதும்

அடையாறிலும் மயிலாப்பூரிலும் குடியிருந்துகொண்டு, திருப்போரூர், மதுராந்தகம், உத்திரமேரூர் பக்கம் ஷெட் போட்டுக் கறிக்கோழி வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிறுவனத்துக்கு ஒப்பந்த முறையில் வளர்த்துக் கொடுப்பவருக்குக் குஞ்சோடு தீவனமும் வந்துவிடும். அவர் முடிவு செய்ய இதில் அதிகமில்லை. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் வாங்கித் தாமே அரைத்துக் கலக்குபவரிடம்தான் விற்பனைப் பிரதிநிதி வந்து உட்கார்ந்து, “சல்பேட்டை விட்டுவிடுங்கள் சார், சிலேட்டட் மினரலுக்கு மாறுங்கள்” என்கிறார். மாறலாமா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. எந்தத் தாது, எந்த வயதில், யாருக்கு விற்கும் கோழி என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். சிலேட்டட் மினரலுக்கு ஆர்கானிக் மினரல் என்றும் பெயர்; ஆனால் இங்கே ஆர்கானிக் என்பது இயற்கை வேளாண்மையைக் குறிப்பதல்ல. ஜிங்க், மாங்கனீசு, காப்பர் போன்ற உலோகத்தை மெத்தியோனின், கிளைசின் போன்ற அமினோ அமிலத்தோடோ புரதத் துணுக்குகளோடோ பிணைத்த பொருள் அது. செலினியத்தில் அது ஈஸ்ட் வடிவில் வருகிறது. இதைத் தின்ற கோழியை ‘ஆர்கானிக் சிக்கன்’ என்று விளம்பரம் செய்து விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். அதைச் செய்யாதீர்கள்.

எவ்வளவு வேண்டும் என்று முதலில் எழுதி வையுங்கள்

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2007இல் வெளியிட்ட கோழித்தீவனத் தரம் ஐ.எஸ். 1374, கறிக்கோழித் தீவனம் ஒரு கிலோவில் ஜிங்க் 80 மில்லிகிராம், மாங்கனீசு 100, காப்பர் 12, இரும்பு 80, அயோடின் 1.2, செலினியம் 0.15 இருக்க வேண்டும் என்றது. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 1994இல் சொன்னது இதைவிடக் குறைவு: ஜிங்க் 40, மாங்கனீசு 60, காப்பர் 8. ராஸ் என்ற கறிக்கோழி இனத்தின் வளர்ப்புக் கையேடோ ஜிங்க் 110, மாங்கனீசு 120, காப்பர் 16, செலினியம் 0.3 வரை போகிறது. இரும்புக்கு மட்டும் 20 போதும் என்கிறது. இந்த வேறுபாட்டைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பழைய அளவு அன்றைய மெதுவாக வளரும் கோழிக்கானது. இனப்பெருக்க நிறுவனங்கள் பாதுகாப்புக்காகக் கொஞ்சம் தாராளமாகப் போடுகின்றன. சிறிய பண்ணைக்கு இந்தியத் தர அளவை அடிப்படையாக வைத்துக்கொள்வதே சரி. செலினியத்தை மட்டும் 0.3க்கு உயர்த்திக்கொள்ளலாம்.

மில்லிகிராம் கணக்கு பயமுறுத்தினால் டன்னுக்கு மாற்றிப் பாருங்கள். கிலோவுக்கு 80 மில்லிகிராம் என்பது டன்னுக்கு 80 கிராம் தனி ஜிங்க். கடையில் கிடைக்கும் ஜிங்க் சல்பேட் மோனோஹைட்ரேட்டில் ஜிங்க் ஏறக்குறைய 35 சதவீதம். 80ஐ 0.35ஆல் வகுத்தால் 229 கிராம். மாங்கனீசு சல்பேட்டில் 31 சதவீதம் என்றால் 100 கிராம் மாங்கனீசுக்கு 323 கிராம். காப்பர் சல்பேட்டில் 25 சதவீதம் என்பதால் 12 கிராம் காப்பருக்கு 48 கிராம். ஆர்கானிக் பொருள்களில் உலோகத்தின் பங்கு இதைவிடக் குறைவு: புரதத்தோடு பிணைத்தவற்றில் 15 சதவீதம் அளவில் இருக்கும், ஜிங்க் கிளைசினேட்டில் 26 சதவீதம் வரை போகும். பையின் மேல் இந்தச் சதவீதம் தெளிவாக அச்சிடப்படவில்லையென்றால் வாங்காதீர்கள்.

சல்பேட்டை ஒழுங்காக வாங்குவது

ஆர்கானிக்குக்குத் தாவுமுன் இப்போது போடுகிற உப்பு என்ன தரம் என்று பாருங்கள். உரக்கடையில் நெல்லுக்காக விற்கும் ஜிங்க் சல்பேட் மலிவு. நம் மண்ணில் ஜிங்க் குறைவு என்பதால் ஹெக்டேருக்கு 25 கிலோ போடச் சொல்லும் அதே பொருள்தான். ஆனால் அதைத் தீவனத்தில் சேர்க்கக் கூடாது. உரத் தரப் பொருளில் காட்மியமும் ஈயமும் கலந்திருக்க வாய்ப்புண்டு; அவை கோழியின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கும். அந்த ஈரலை வாங்கிக் குழந்தைக்கு வதக்கிக் கொடுக்கும் வீடுகள் நம் ஊரில் ஏராளம். தீவனத் தரம் என்று எழுதியதையும், ஈயம், காட்மியம் ஆகியவற்றுக்கான பரிசோதனைச் சான்றையும் கேட்டு வாங்குங்கள்.

ஜிங்க் ஆக்சைடு இன்னொரு மலிவு வழி. அதில் 72 சதவீதத்துக்கு மேல் ஜிங்க் இருப்பதால் கணக்கில் லாபம்போல் தெரியும். குடலில் கரைந்து உடலில் சேர்வதில் அது சல்பேட்டைவிடப் பின்தங்கியது. தீவனத் தர ஆக்சைடு பல சோதனைகளில் சல்பேட்டின் பாதியளவுதான் பயன்பட்டிருக்கிறது. முழு ஜிங்க்கையும் ஆக்சைடாகப் போட்டுவிட்டு, கோழிக்கு இறகு சரியில்லை, ஆர்கானிக் போட்டதும் சரியானது என்றால், அந்தப் பெருமையில் பாதி ஆக்சைடை நிறுத்தியதற்குச் சேர வேண்டும்.

மாட்டுக்கான தாது உப்புக் கலவையைக் கோழிக்குப் போடுகிற வழக்கமும் சிலரிடம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி கால்சியமும் பாஸ்பரசும்தான். நுண்தாது விகிதம் கறிக்கோழிக்குப் பொருந்தாது.

ஆர்கானிக் எதைச் சரிசெய்கிறது

மக்காச்சோளத்திலும் சோயாவிலும் ஃபைட்டேட் என்ற பொருள் இருக்கிறது. அது குடலில் ஜிங்க்கைப் பிடித்து வைத்துக்கொண்டு, எச்சத்தோடு வெளியேற்றிவிடும். சுண்ணாம்பு மாவு அதிகமானால் இந்தப் பிடி இன்னும் இறுகும். 1992இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஃபைட்டேட் இல்லாத சுத்திகரித்த தீவனத்தில், எலும்பில் சேர்ந்த ஜிங்க்கை வைத்து அளந்தபோது, சல்பேட்டை 100 என்றால் ஜிங்க் மெத்தியோனின் 117. மக்காச்சோளம், சோயாத் தீவனத்திலோ அதுவே 206. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளிலும் இவ்வளவு பெரிய இடைவெளி வரவில்லை. ஆனாலும் காரணம் புரிகிறது. ஆர்கானிக்கின் பலம், ஃபைட்டேட்டும் கால்சியமும் மிகுந்த தீவனத்தில்தான் தெரியும்.

அப்படியானால் அதைவிட மலிவான வழி ஒன்று முன்னால் நிற்கிறது. ஃபைட்டேஸ் நொதியை கிலோவுக்கு 500 யூனிட் சேருங்கள். சுண்ணாம்பு மாவைக் கையளவில் அள்ளாமல் எடை போட்டுச் சேர்த்து, கால்சியத்தை 1 சதவீதம் அளவில் நிறுத்துங்கள். பாஸ்பரசும் மிச்சமாகும், ஜிங்க்கும் விடுபடும். இவ்விரண்டும் செய்யாமல் சிலேட்டட் மினரல் வாங்குவது பணத்தை வீணாக்குவது என்பது என் உறுதியான கருத்து.

2007இல் ஆஸ்திரேலியாவின் நியூ இங்கிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆர்கானிக் வடிவில் காப்பர் 4 மில்லிகிராம், ஜிங்க், மாங்கனீசு, இரும்பு தலா 40 கொடுத்தாலே 29 நாள்வரை கறிக்கோழி சரியாக வளர்கிறது என்று கண்டார்கள். எச்சத்தில் போவதும் குறைந்தது. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: ஆர்கானிக் போட்டால் மொத்த அளவைக் குறைக்க வேண்டும். முழு அளவு சல்பேட்டைப் போட்டு அதன் மேல் ஆர்கானிக்கையும் கொட்டும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. ஜிங்க் மிகுந்தால் காப்பர் சேராது.

எந்தத் தாதுவை மாற்றுவது

ஜிங்க், மாங்கனீசு இரண்டுக்கும் முதல் 21 நாள் தீவனத்தில் பாதியை மாற்றலாம். எலும்பும் இறகும் அமைகிற காலம் அது. 80 ஜிங்க் வேண்டுமென்றால் 40 சல்பேட்டிலும் 25 முதல் 30 வரை ஆர்கானிக்கிலும் கொடுத்தால் போதும். கடைசிக் கட்டத் தீவனமான ஃபினிஷரில் சல்பேட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலில் வளரும் பேட்சுக்கு மட்டும் கடைசிவரை கொடுப்பேன். வெப்ப அழுத்தத்தில் கோழி எச்சத்தின் வழியாகத் தாதுக்களை அதிகம் இழக்கிறது.

இரும்பை ஆர்கானிக் வடிவில் வாங்கவே வேண்டாம். சோயா, டைகால்சியம் பாஸ்பேட் (டி.சி.பி.), சுண்ணாம்பு மாவு வழியாகவே இரும்பு போதுமான அளவு வந்துவிடும். தொட்டியில் மஞ்சளாகப் படியும் போர்த் தண்ணீர் இருந்தால் இன்னும் கூடுதல். ஷெட்டுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். அயோடினுக்கு கால்சியம் அயோடேட் போதும்.

காப்பரில் ஒரு எச்சரிக்கை. வளர்ச்சிக்காக என்று காப்பர் சல்பேட்டைப் பத்து மடங்கு போடுபவர்கள் உண்டு. இரைப்பை புண்ணாகலாம், மிச்சம் முழுவதும் கூளத்தோடு உங்கள் வயலுக்கும் பக்கத்து வயலுக்கும் போய்ச் சேரும். ஐரோப்பிய ஒன்றியம் கோழித்தீவனத்தில் மொத்தக் காப்பரை 25 மில்லிகிராமிலும், ஜிங்க்கை 120லும் நிறுத்தியிருப்பது இந்த மண் கவலையால்தான்.

செலினியம் தனிக் கதை. வாங்குபவர் யார் என்பதைப் பொறுத்தது அது. செலினியம் ஈஸ்ட் கொடுத்த கோழியின் கறியில் செலினியம் கூடுதலாகத் தங்கும். கறியிலிருந்து நீர் கசிவதும் குறையலாம். உங்கள் கோழி சைதாப்பேட்டையிலோ மந்தைவெளியிலோ கடையில் உயிரோடு வந்து, வெட்டிய ஒரு மணி நேரத்தில் குழம்புக்குப் போய்விடும் என்றால் அந்தக் கசிவு யாருக்கும் தெரியாது. சோடியம் செலினைட் போதும். அடையாறு, தி.நகர் வீடுகளுக்குக் குளிரூட்டிய பாக்கெட்டில் அனுப்பும் ஆன்லைன் வியாபாரிக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் பாக்கெட்டின் அடியில் தேங்கும் சிவப்பு நீரே புகாராக வரும். அவருக்கு ஈஸ்ட் பொருத்தம். கம்பெனிக் கையேடுகள் பெரிதாகப் பேசும் ‘தோல் கிழியாமை’யும் இப்படித்தான். சென்னைக் கடைகளில் பெரும்பாலோர் தோலுரித்துத்தான் வாங்குகிறார்கள். தோலோடு விற்கும் தென் மாவட்டச் சந்தைக்கு அனுப்புபவர் வேண்டுமானால் அதைக் கணக்கில் எடுக்கலாம்.

காசுக் கணக்கு

கிலோ விலையை ஒப்பிடாதீர்கள். ஒரு கிராம் உலோகத்தின் விலையை ஒப்பிடுங்கள். விலை மாறிக்கொண்டே இருப்பதால் ஒரு மாதிரிக்குச் சொல்கிறேன். சல்பேட் கிலோ 100 ரூபாய், 35 சதவீதம் என்று வைத்தால் ஒரு கிராம் ஜிங்க் 29 காசு. ஆர்கானிக் கிலோ 400 ரூபாய், 15 சதவீதம் என்றால் 2 ரூபாய் 67 காசு, அதாவது ஒன்பது மடங்கு. ஆனால் டன்னுக்குப் பாருங்கள். 80 கிராம் சல்பேட் ஜிங்க் 23 ரூபாய், முழுவதையும் மாற்றினால் 40 கிராம் ஆர்கானிக் ஜிங்க் 107 ரூபாய், வித்தியாசம் 84 ரூபாய். 2 கிலோ கோழி 3.4 கிலோ தீவனம் தின்னும் என்றால் ஒரு டன்னில் 294 கோழி வளரும். ஒரு கோழிக்கு 29 காசு.

தீவனம் கிலோ 40 ரூபாய் என்றால், தீவன மாற்று விகிதம் 0.01 குறைந்தாலே கோழிக்கு 20 கிராம் தீவனம், 80 காசு மிச்சம். ஆக, மிகச் சிறிய முன்னேற்றமே செலவை ஈடுகட்டிவிடும். சிக்கல் என்னவென்றால், அவ்வளவு சிறிய முன்னேற்றத்தை உங்கள் ஷெட்டில் ஒரு பேட்சில் கண்டுபிடிக்க முடியாது. குஞ்சின் தரம், வெயில், தண்ணீர் ஆகியவற்றால் வரும் ஏற்றத்தாழ்வு அதைவிடப் பல மடங்கு பெரிது. “போன பேட்சைவிட நன்றாக வந்தது” என்ற சாட்சியத்தை நம்பி யாரும் முடிவெடுக்க வேண்டாம். ஒரே ஷெட்டை, ஒரே நாள் குஞ்சோடு, தடுப்பு வைத்து எட்டுப் பகுதியாகப் பிரியுங்கள். நான்குக்கு ஒரு தீவனம், நான்குக்கு மற்றது, மாற்றி மாற்றி. 35ஆம் நாள் ஒவ்வொரு பகுதியிலும் 25 கோழியைப் பிடித்து, பாதத்தில் புண் இல்லை, சிறிது, பெரிது என்று மூன்றாகக் குறியுங்கள். நொண்டும் கோழிகளையும் எண்ணுங்கள். எடையைவிட இவை வித்தியாசத்தைச் சீக்கிரம் காட்டும்.

கூளம் ஈரமாக இருந்தால் மட்டும் இந்தச் சோதனையைத் தொடங்கவே வேண்டாம். நனைந்த உமியில் நிற்கும் கோழிக்கு எந்த ஜிங்க்கும் பாதத்தைக் காப்பாற்றாது. நொண்டல் திடீரென்று பல கோழிகளில் வந்தால் அது தாதுக் குறையாக இல்லாமல் நோயாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கலப்பதும் வைப்பதும்

கடற்கரை ஈரக்காற்றும் ஐப்பசி, கார்த்திகை மழையும் சல்பேட்டுக்கு எதிரி. அது ஈரம் இழுத்துக் கட்டி தட்டும். காப்பர், இரும்பு சல்பேட்டுகள் பக்கத்தில் உள்ள வைட்டமின்களையும் கெடுக்கும். எனவே வைட்டமின் பிரிமிக்ஸ், தாது பிரிமிக்ஸ், கோலின் குளோரைடு மூன்றையும் தனித்தனியாக வாங்கி, மரப்பலகை மேல் தனித்தனியாக வைத்து, கலக்கும் நாளில்தான் சேர்க்க வேண்டும். ஆர்கானிக்கும், புதிதாக வரும் ஹைட்ராக்சி குளோரைடு வகைத் தாதுக்களும் வைட்டமினை இந்த அளவு கெடுப்பதில்லை. மழைக்காலத்தில் நீண்ட நாள் சரக்கு வைப்பவருக்கு இதுவே மாறுவதற்குப் போதிய காரணம்.

சில நூறு கிராம் பொருளை ஒரு டன்னில் நேரடியாகத் தூவினால் ஒரு மூட்டையில் அதிகமாகவும் ஒரு மூட்டையில் இல்லாமலும் போகும். தாதுக்களை முதலில் இரண்டு கிலோ எண்ணெய் நீக்கிய தவிட்டில் கலந்து, அதைப் பத்து கிலோவாக்கி, பிறகு மிக்சரில் போடுங்கள். சோடியம் செலினைட்டைத் தூளாக வாங்கி எடை போடவே கூடாது. டன்னுக்குத் தேவைப்படுவது ஒரு கிராமுக்கும் குறைவு. கை தவறினால் கோழிக்கும் கலப்பவருக்கும் நஞ்சு. ஏற்கெனவே நீர்த்த பிரிமிக்ஸாகவே வாங்குங்கள்.

சென்னைக்கு இந்தத் துறையில் பழைய உறவு உண்டு. வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கியது. தி.நகருக்கு அடுத்த நந்தனத்தில் இருந்த கோழி ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத்தான் நந்தனம் கோழி இனங்கள் இன்றும் தாங்கியிருக்கின்றன. இன்று தீவனப் பரிசோதனைக்கு, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. கலந்த தீவனத்தின் முதல், நடு, கடைசி மூட்டைகளிலிருந்து தலா அரை கிலோ எடுத்து, தனித்தனிப் பையில் பெயர் எழுதி அனுப்பி, ஜிங்க்கும் மாங்கனீசும் எவ்வளவு என்று கேளுங்கள். மூன்று மூட்டைக்கும் எண் ஒத்துவராவிட்டால் உங்கள் குறை மிக்சரில் இருக்கிறது. அதைச் சரிசெய்யும்வரை ஆர்கானிக் மினரலுக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.