மரக்காணம் உப்பளத்துக்குக் கல்லூரிப் பிள்ளைகளை அழைக்க 10 பயனுள்ள குறிப்புகள்

காலாப்பட்டில் பல்கலைக்கழகம் இருக்கிறது. திண்டிவனத்தில் அரசு கலைக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. ஆனாலும் இன்டர்ன்ஷிப் என்றதும் பிள்ளைகள் சென்னைக்கே பஸ் ஏறுகிறார்கள். கூப்பிடும் விதத்தில் கூப்பிட்டால் மரக்காணத்துக்கும் வருவார்கள். உப்பு விளைவிப்போரும், அயோடின் கலந்து பாக்கெட் போடும் சிறு ஆலைக்காரர்களும் கவனிக்க வேண்டியவை இவை.

1. அறிவிப்பை பிப்ரவரியிலேயே கல்லூரிக்குக் கொடுத்துவிடுங்கள். இங்கே உப்பு எடுப்பு ஜனவரி வாக்கில் தொடங்குகிறது. கோடை விடுமுறையில் விளைச்சல் மும்முரமாக இருக்கும். தேர்வு நெருங்கிவிட்டால் அறிவிப்பை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஐப்பசி மழையில் கூப்பிட்டால் காட்டுவதற்குப் பாத்தியே இருக்காது.

2. ‘அரிய வாய்ப்பு’, ‘சிறந்த அனுபவம்’ என்றெல்லாம் எழுதாமல், என்ன வேலை என்று எழுதுங்கள். ‘காலையில் பாத்தித் தண்ணீரின் டிகிரி பார்த்துக் குறித்தல், அயோடின் சோதனை, மூட்டைக் கணக்கு. நான்கு வாரம்.’ இவ்வளவு போதும். எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகலாம் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

3. வேதியியல் மாணவருக்கு உப்பளமே ஆய்வுக்கூடம். உப்புத்தண்ணீரின் அடர்த்தியை அளக்கும் போமே மானியை அவர் கையில் கொடுங்கள். கடல் தண்ணீர் 3 டிகிரி வாக்கில் நிற்கும். வெயிலில் சுண்டி 25 டிகிரியைத் தொடும்போது உப்பு படியத் தொடங்கும். 30-ஐத் தாண்ட விட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசப்பு ஏறும். சில்லறைக் கடைக்குப் போன பாக்கெட்டிலும் குறைந்தது 15 பிபிஎம் அயோடின் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. கடைகளில் பாக்கெட் வாங்கிவந்து சோதித்து அவரே அறிக்கை எழுதட்டும்.

4. மற்ற துறையினரையும் விட்டுவிடாதீர்கள். வணிகவியல் மாணவர் விற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். அரசின் தமிழ்நாடு உப்பு நிறுவனம் 2022-ல் ‘நெய்தல் உப்பு’ என்ற பெயரில் உப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உங்கள் உப்புக்கும் ஒரு பெயரும் பாக்கெட்டும் யோசிக்கச் சொல்லுங்கள். விலங்கியல் மாணவருக்கு 2021-ல் பறவைகள் சரணாலயமான கழுவெளி பக்கத்திலேயே இருக்கிறது. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பார்கள் ஆய்வாளர்கள். வரலாற்று மாணவரை அழைக்க அது ஒன்றே போதும்.

5. மாத உதவித்தொகையை அறிவிப்பிலேயே போடுங்கள். தொகை சிறியதாக இருந்தாலும் சொன்ன தேதியில் கொடுங்கள். சான்றிதழுக்கென்று மாணவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.

6. பெண் பிள்ளையை அனுப்பும் வீட்டார் முதலில் கேட்பது கழிப்பறையையும் கடைசி பஸ்ஸையும்தான். பூட்டுள்ள, தண்ணீர் வரும் கழிப்பறையை முதலில் தயார் செய்யுங்கள். உங்கள் தொழிலாளிகளுக்கும் அது வேண்டும். பெற்றோரை ஒரு நாள் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

7. களத்து வேலையைக் காலை 10 மணிக்குள் முடித்துவிடுங்கள். உப்பின் வெண்மையில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கும். கறுப்புக் கண்ணாடி, தொப்பி, ரப்பர் பூட்ஸ் நிறுவனமே கொடுக்க வேண்டும். பாத்தியில் இறங்குமுன் காலில் தேங்காய் எண்ணெய் தடவி, ஏறியதும் நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். பானையில் நீர்மோர் எப்போதும் இருக்கட்டும். உப்புக்காற்று செல்போனையும் விடாது. ஜிப் கவரில் போட்டு வைப்பது நல்லது.

8. பாத்தியின் நிறத்தைப் பார்த்தே பதம் சொல்லும் மூத்த தொழிலாளி ஒருவரை மாணவருக்கு ஆசிரியராக வையுங்கள். கற்றுக்கொடுக்கும் நேரத்துக்கு அவர் கூலியில் பிடித்தம் கூடாது. மாணவரைக் காட்டி ஒரு தொழிலாளியையும் நிறுத்தாதீர்கள். மழைக்காலத்தில் வேலையில்லாமல் அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணத்தை எதிர்பார்க்கும் குடும்பங்கள் அவை. அவர்கள் வேலையைப் பறித்து நடக்கும் பயிற்சி யாருக்கும் வேண்டாம்.

9. திட்டங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பட்டமோ டிப்ளமோவோ முடித்தவரை 1961-ம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டப்படி எடுத்தால், குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கும். விவரம் சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழில் பழகுநர் பயிற்சி வாரியத்தில் கிடைக்கும். 2024-ல் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் பெரிய நிறுவனங்களுக்கானது; தொடங்கியபோது இருந்த விதிப்படி, முழுநேரம் படித்துக்கொண்டிருப்பவர் அதில் சேர முடியாது. படிக்கும் பிள்ளையை எடுக்க அவருடைய கல்லூரியோடு கடிதப் போக்குவரத்து போதும். எத்தனை மணி நேரம், யார் கையெழுத்து என்று துறைத் தலைவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

10. கடைசி நாளில் மாணவரின் அறிக்கையை உட்கார்ந்து கேளுங்கள். அவர் சொன்னதில் ஒன்றையாவது உப்பளத்தில் செய்துகாட்டி, ‘உங்கள் மாணவர் சொல்லி மாற்றியது இது’ என்று கல்லூரிக்கு எழுதுங்கள். அடுத்த பிப்ரவரியில் போகும் அறிவிப்போடு அந்தக் கடிதத்தின் நகலையும் இணையுங்கள். தன் வேலைக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்த இடத்துக்குப் பிள்ளைகள் தாமாகவே தம்பி தங்கைகளை அனுப்பி வைப்பார்கள்.