ஓதம் காயட்டும், வண்ணம் பிறகு

அன்புள்ள பாப்பாவுக்கு,

குரோம்பேட்டை வீட்டுப் படங்களைப் பார்த்தேன். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, இருவர் சேர்ந்து நின்றால் முழங்கை இடிக்கும் சமையலறை, தலைக்கு மேலே மொட்டைமாடி. "சின்ன வீடு, அதுவும் வாடகை வீடு, இதில் என்ன பண்ண முடியும் பெரியம்மா?" என்று கேட்டிருக்கிறாய். நிறையவே பண்ணலாம். உன் பெரியப்பாவுக்கு மாற்றலான ஊரிலெல்லாம் நாங்கள் வாடகை வீட்டில்தான் குடியிருந்தோம். நாளைக்குக் காலி செய்யப்போகிற வீடுதானே என்று எந்த வீட்டையும் நான் அப்படியே விட்டதில்லை.

நீ வாங்கப்போவதாக அனுப்பிய பட்டியலில் செங்கல் சுவர் மாதிரி தெரிகிற ஒட்டுத்தாள்தான் முதலில் இருக்கிறது. அதை வாங்காதே. கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் ஓதம் ஏறியிருப்பதை மறைக்கத்தான் கேட்கிறாய் என்று படத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஓதச் சுவரில் தாள் ஒட்டினால் ஈரம் உள்ளேயே தங்கும். தாளுக்குப் பின்னால் பூஞ்சணம் படரும். மூக்கு அதை அறியும், கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சுவருக்குப் பக்கத்தில்தான் நீங்கள் இரண்டு பேரும் தலைவைத்துப் படுக்கிறீர்கள்.

சுவரில் வெள்ளை மாவு போலப் பூத்திருக்கிறதே, அது உப்பு. சுவருக்குள் இறங்கும் தண்ணீர் செங்கல்லிலும் சிமெண்டிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வெளிப்பக்கம் வருகிறது. தண்ணீர் காய்ந்து போகிறது, உப்பு அங்கேயே படிந்து கட்டியாகிப் பெயிண்டைத் தள்ளிப் பெயர்க்கிறது. எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் தண்ணீர் வரும் வழியை அடைக்காத வரை அடுத்த மழைக்கு அது உரியத்தான் செய்யும். ஓரடிக்கு ஓரடி பிளாஸ்டிக் தாள் ஒன்றை அந்த இடத்தில் வைத்து, நான்கு ஓரமும் டேப் போட்டு இரண்டு நாள் விட்டுப் பார். தாளின் சுவர்ப்பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் ஈரமாக இருந்தால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து படிகிறது, ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகும். உன் சுவருக்கு மறுபக்கம் குளியலறை என்று சொன்னாய். தரை ஓடுகளின் இடைவெளியும் குழாய் இறங்கும் இடமும்தான் எனக்குச் சந்தேகம்.

இதை வீட்டுக்காரரிடம் கேட்கத் தயங்காதே. தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில் யார் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று ஓர் அட்டவணையே இருக்கிறது. கட்டட அமைப்பில் வரும் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, தண்ணீர்க் குழாய் மாற்றுவது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள் போன்ற சில்லறைப் பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதா என்று முதலில் படித்துப் பார். பிறகு சட்டம் பேசிக்கொண்டு போகாமல், அவரை வரச்சொல்லி ஒரு காப்பி கொடுத்துச் சுவரைக் காட்டு. "ரிப்பேரை நீங்கள் செய்து கொடுங்கள், பெயிண்டை நாங்களே அடித்துக்கொள்கிறோம்" என்று சொன்னால் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் சம்மதிப்பார்கள்.

இப்போது ஐப்பசி மழை. இந்த மாதத்தில் பெயிண்ட் பிரஷ்ஷைத் தொடவே வேண்டாம். பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிக்கிற வழக்கம் மழை ஓய்ந்த பிறகு வருவது காரணத்தோடுதான். உன் ஓதச் சுவர் அதற்குள்ளும் காயாது, மாசி வரை பொறு. காய்ந்ததும் உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடு. கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள் போகும்.

பெயிண்ட் வேலையை நீயும் மாப்பிள்ளையும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். பத்துக்குப் பதினொன்று அறை, பத்தடி உயரம் என்றால் நான்கு சுவரும் சேர்ந்து 420 சதுர அடி. கதவும் ஜன்னலும் போக 380. எமல்ஷன் இரண்டு கை அடிக்க லிட்டருக்குச் சுமார் 60 சதுர அடி என்று வைத்தால் ஆறு லிட்டருக்குக் கொஞ்சம் கூட ஆகும். கடைக்காரர் இருபது லிட்டர் வாளியைக் காட்டினால் எடுத்துக்கொள்ளாதே. காசைப் பட்டி பார்ப்பதிலும் பிரைமரிலும் போடு. பெயர்ந்ததைச் சுரண்டு, பள்ளத்தில் பட்டி வை, காய்ந்ததும் உப்புத்தாள் போடு, துணியால் தூசியைத் துடை, பிரைமர் அடி, அதற்குப் பிறகுதான் வண்ணம். பாதி நாள் இந்த முன்வேலையிலேயே போகும், போகட்டும். விட்டத்தை முதலில் முடித்துவிட்டுச் சுவருக்கு இறங்கு. மூலைகளையும் சுவிட்ச் போர்டு ஓரங்களையும் இரண்டங்குல பிரஷ்ஷால் முதலில் தீட்டிக்கொண்டால் நடுப்பகுதிக்கு ரோலர் ஓடும்.

ஓர் எச்சரிக்கை. உங்கள் வீட்டு மரக்கதவும் ஜன்னல் கம்பிகளும் பழையவை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் பூசிய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அதை உலர்ந்தபடி தேய்த்தால் தூசி மூச்சோடு உள்ளே போகும். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள் தனியாகக் கிடைக்கும், அதை வாங்கு. முகத்துக்கு நல்ல மாஸ்க் போடு. கீழ்வீட்டுக் குழந்தை அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள். உரிந்த துகளை ஈரத்துணியால் கூட்டி எடு. இந்த விஷயத்தில் மட்டும் அவசரம் காட்டாதே.

நிறம் எது என்று கேட்டாய். அட்டையில் கட்டம் கட்டமாகக் காட்டுவதை நம்பித் தேர்ந்தெடுக்காதே. பெரிய சார்ட் தாளில் இரண்டு கை அடித்து, சுவரில் மாட்டி, காலையிலும் நடுப்பகலிலும் இரவு விளக்கிலும் பார். ஒரே நிறம் மூன்று விதமாகத் தெரியும். என் எண்ணத்தைக் கேட்டால், விட்டத்துக்கு வெள்ளை, சுவருக்குச் சந்தனமோ மோர் நிறமோ. ஒரு சுவரை மட்டும் அடர்ந்த நிறமாக்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. சின்ன அறையில் அந்தச் சுவர் நம்மை நோக்கி நெருங்கி வருவது போலிருக்கும். எனக்கு அது பிடிப்பதில்லை.

இதற்கெல்லாம் மாசி வரை காத்திருக்க வேண்டும். இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கூடத்தில் கிழக்கு ஜன்னலின் பாதியைப் பீரோ மறைத்துக்கொண்டு நிற்கிறது. நகர்த்து. சென்னையில் கோடைக்காலப் பகலில் கடற்காற்று கிழக்கேயிருந்துதான் ஏறி வரும். அந்த ஜன்னலும் அதற்கு எதிர்ப்பக்கக் கதவும் தடையில்லாமல் இருந்தால் வீடே மூச்சு விடும். பீரோவை மேற்குச் சுவரை ஒட்டி வை, பிற்பகல் வெயிலின் சூட்டை அது கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். சுவருக்கும் பீரோவுக்கும் நடுவே நான்கு விரல் இடம் விடு.

அடுத்தது திரைச்சீலை. கடையில் வாங்காதே. ஆச்சியின் சுங்குடிச் சேலைகள் என் பெட்டியில் இருக்கின்றன. மதுரைச் சுங்குடி, கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்தது. உடுத்தி உடுத்தி நூல் மெலிந்துவிட்டதால் இனிக் கட்ட முடியாது, ஆனால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகத் தெரியும். ஒரு சேலை ஐந்தரை மீட்டர் நீளம். ஐந்தடி உயரத் திரைக்கு, மேலும் கீழும் மடித்துத் தைக்க விட்டு, குறுக்கே வெட்டினால் ஒரு சேலையில் மூன்று துண்டு வரும். அப்படி வெட்டும்போது சேலையின் இரண்டு கரையும் திரையின் இரண்டு ஓரத்திலும் மேலிருந்து கீழாக நிற்கும், தனியாக ஓரம் தைக்கிற வேலையே இல்லை. நான்கடி ஜன்னலுக்கு இரண்டு துண்டு போட்டால் மடிப்பு விழ அகலம் போதும். மூன்றாவதைச் சமையலறை மேடைக்குக் கீழே, சிலிண்டர் பக்கம் போகாமல், பாத்திரத் தட்டுக்கு முன்னால் தொங்கவிடு. வெயில் நேராக விழும் ஜன்னலுக்கு மட்டும் திரையின் ஜன்னல் பக்கத்தில் பழைய நாலு முழ வேட்டியை வைத்துத் தைத்துவிடு, சாயம் வெளுக்காது. கம்பியை ஜன்னல் சட்டத்துக்கு அரையடி மேலேயும், இருபுறமும் அரையடி தள்ளியும் பொருத்து. திரையை ஒதுக்கும்போது துணி சுவர்மேல் போய் நிற்கும், ஜன்னல் முழுவதும் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் மிஞ்சும்.

சுவரில் துளை போடுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் டிரில் வைக்கவே வைக்காதே, ஒயர் அந்த வழியாகத்தான் ஓடும். குளியலறைச் சுவரிலும் வேண்டாம்.

சோபா வாங்கக் கடன் தவணை பார்த்துக்கொண்டிருப்பதாக உன் அம்மா சொன்னாள். அந்தக் கூடத்தில் சோபா போட்டால் பிறகு நடக்க இடமிருக்காது. பவானி ஜமுக்காளம் ஒன்றும் இரண்டு இலவம்பஞ்சுத் திண்டும் போதும். அந்தப் பட்டைக் கோடுகளின் சிவப்பும் பச்சையும் வெறும் சுவருக்கு எதிரே எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்று விரித்துப் பார்த்தால் தெரியும். யாராவது வந்தால் விரிக்கலாம், போனால் சுருட்டி வைக்கலாம். தரை காலியாக இருக்க இருக்கத்தான் சின்ன வீடு பெரிதாகத் தெரியும். அதனால் தரையில் கிடக்கிற எல்லாவற்றையும் மேலே ஏற்று. பரண் நிறையக் கிடக்கிற அட்டைப்பெட்டிகளை இந்த வாரமே எடைக்குப் போடு. பெட்டி இருந்தால்தான் பொருளைத் திருப்பித் தர முடியும் என்று மாப்பிள்ளை சொல்வார், கெடு முடிந்த பொருளின் பெட்டிகளையாவது கழிக்கச் சொல்.

பேக்கிங் மரத்தில் புத்தக அலமாரி செய்ய ஆசைப்படுகிறாரே, நல்ல ஆசை, செய்யட்டும். ஏற்றுமதிச் சரக்கில் வரும் மரத்தில் முத்திரை குத்தியிருக்கும். அதில் ஆங்கிலத்தில் 'ஹெச் டி' (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது, எடுக்கலாம். 'எம் பி' (MB) என்றிருந்தால் நச்சுப் புகை போட்டது, வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது. முத்திரையே இல்லாத மரம் எண்ணெயோ ரசாயனமோ சிந்தி நாறினால் அதையும் விட்டுவிடுங்கள். அலமாரியின் கால் ஓதத் தரையில் நேராகப் படாமல் அடியில் ரப்பர் வைக்கச் சொல். ஓதம் இருக்கும் இடத்துக்குக் கரையான் வர நாளாகாது.

விளக்குக்கு அதிகம் செலவில்லை. கூடத்தின் ஒற்றை டியூப்லைட் இரவில் எல்லாவற்றையும் வெளிறச் செய்கிறது. பல்பு டப்பாவில் 2700 அல்லது 3000 கே என்று போட்டிருந்தால் மஞ்சள் கலந்த இதமான ஒளி, 6500 என்றால் வெள்ளை வெளிச்சம். காய் நறுக்கும் இடத்துக்கு வெள்ளையும் உட்காரும் மூலைக்கு மஞ்சளும் வை. பல்பு மாற்றுவது நீயே செய்யலாம், புது ஒயர் இழுக்கிற வேலைக்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு.

கோடைக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டலாமா என்று கேட்டிருந்தாய். மதுரை மாதிரி வறண்ட ஊரில் அது நன்றாகக் குளிர்ச்சி தரும். காற்றிலேயே ஈரம் நிறைந்த சென்னையில் நனைத்த தட்டியிலிருந்து தண்ணீர் எளிதில் ஆவியாகாது, வாசனைதான் மிஞ்சும். மேல்தளத்தில் இருக்கிற உனக்கு மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பதுதான் பலன் தரும். வெள்ளை வெயிலைத் திருப்பியடிக்கும், தளம் அவ்வளவு சூடு குடிக்காது. வெடிப்புகளை முதலில் அடைத்துவிட்டு, பங்குனிக்குள் இரண்டு கை அடித்துவிடுங்கள். சுட்ட சுண்ணாம்பு வாங்கினால் தண்ணீருக்குள் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது, கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளியும் வேண்டாம். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை கட்டாயம்.

தொட்டிச் செடிகளுக்கு அடியில் தட்டு வைத்தால் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவு. டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

பொங்கல் முடிந்ததும் நான் வருகிறேன். டிரில் மெஷினும் சேலைகளும் என்னோடு வரும். தையல் மெஷினை உன் பக்கத்து வீட்டில் கேட்டுவை. அதற்குள் ஒவ்வொரு ஜன்னலின் அகலமும் உயரமும், தரையிலிருந்து ஜன்னல் அடிச்சட்டம் வரை எவ்வளவு என்பதும் அளந்து தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்பு. பிளாஸ்டிக் தாளில் ஈரம் எந்தப் பக்கம் கோத்தது என்பதையும் அதிலேயே எழுது.

அன்புடன்,
பெரியம்மா