ஒரு விரலுக்கு எத்தனை சதவீதம்?

எட்டாம் வகுப்புக் கணக்கில் ‘வாழ்வியல் கணிதம்’ இயலில் தள்ளுபடி, லாபம், நட்டம், வட்டி என்று சதவீதக் கணக்குகள் வரும். ஆலங்காயத்தில் என் வகுப்பில் அதனுடன் இன்னொன்றையும் சேர்த்தேன்: வேலையில் காயம்பட்ட தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. தரும் தொகை. என் மாணவர்களின் அம்மாக்களில் பலர் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். சம்பளச் சீட்டில் ‘இ.எஸ்.ஐ.’ என்று பிடித்தம் இருப்பதைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். அது எதற்கு என்று கேட்டால் “ஆஸ்பத்திரிக்கு” என்பதோடு நின்றுவிடுவார்கள்.

பிடித்தத்திலிருந்தே தொடங்கலாம். 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். மாதம் 10,400 ரூபாய் என்றால் தொழிலாளி 78 ரூபாய், நிறுவனம் 338 ரூபாய். தசமப் புள்ளியுள்ள சதவீதத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தப் பாடத்துக்குக் காரணம் ஒரு மாணவனின் அம்மா. உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்துப் போட வந்தவருக்கு இடது கையில் ஆட்காட்டி விரல் இல்லை. கட்டிங் மெஷினில் போனது. தனியார் விபத்துக் காப்பீட்டுப் பாலிசி ஒன்றும் எடுத்திருந்தார். வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கு வாராவாரம் ஒரு தொகை தரும் பாலிசி அது. ஆனால் அதற்கு அவர் விண்ணப்பிக்கவே இல்லை. “அந்தப் பணத்தை வாங்கினா இ.எஸ்.ஐ. நின்னுடுமாம் சார். எங்க லைன்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க” என்றார்.

நிற்காது. இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும்.

1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டத்தில் 53-ஆம் பிரிவு ஒரு தடையை வைத்திருந்தது. வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு இ.எஸ்.ஐ. உரிமை உள்ளவர், அதே காயத்துக்கு 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின்படியோ வேறு சட்டத்தின்படியோ முதலாளியிடம் இழப்பீடு கேட்க முடியாது. டிரெஹான் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. ‘இரண்டு இடத்தில் வாங்க முடியாது’ என்று தொழிலாளர்களிடையே பரவியிருப்பது இந்தத் தடைதான். பேச்சில் போகப் போக ‘எந்த இரண்டு’ என்பது விடுபட்டுவிட்டது. தன் கைக்காசைப் பிரீமியமாகக் கட்டி ஒருவர் வாங்கிய பாலிசி முதலாளி தரும் இழப்பீடு அல்ல. அது அவருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். அந்தப் பணம் இ.எஸ்.ஐ. தொகையைக் குறைப்பதில்லை.

உண்மையில் தற்காலிக ஊனத் தொகையைத் தடுப்பது சம்பளம்தான். வேலை செய்த நாளுக்கும் சம்பளத்தோடு விடுப்பு எடுத்த நாளுக்கும் அது கிடையாது. ஒரே நாளுக்கு நோய்க்காலத் தொகையையும் ஊனத் தொகையையும் சேர்த்து வாங்கவும் முடியாது. நிரந்தர ஊனத் தொகை அப்படியல்ல. திரும்ப வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கினாலும் அது ஆயுள் முழுக்கத் தொடரும்.

கரும்பலகைக் கணக்கு இது. சராசரி நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குணமாகும்வரை அதில் 90 சதவீதம், அதாவது நாளுக்கு 360 ரூபாய். எட்டு வாரம், 56 நாள் என்றால் 20,160 ரூபாய். தனியார் பாலிசி ஒரு லட்சத்துக்கு எடுத்தது, வாரத்துக்கு 1 சதவீதம் தருவது என்றால் எட்டு வாரத்துக்கு 8,000 ரூபாய். இரண்டையும் கூட்ட வேண்டும், கழிக்கக் கூடாது. பிறகு நிரந்தர ஊனம். சட்டத்தின் அட்டவணையில் ஆட்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம், கட்டைவிரலுக்கு 30. வகுப்பில் பாதிப் பேர் 400-க்கு 14 சதவீதம் போட்டு 56 என்றார்கள். 360-க்குத்தான் போட வேண்டும்: நாளுக்கு 50 ரூபாய் 40 பைசா, 30 நாளுக்கு 1,512 ரூபாய். சதவீதத்தின் மேல் சதவீதம் என்பது அன்றைக்குத்தான் பலருக்குப் பிடிபட்டது.

“14 சதவீதம்னா கார்டு கிடைக்காதே சார்?” என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் அரசுச் சலுகைகளுக்கும் பார்க்கப்படும் 40 சதவீதம் உடல் குறைபாட்டின் அளவு. இ.எஸ்.ஐ.யின் 14 சதவீதம் சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பு. ஒன்று கிடைக்காததால் மற்றது போய்விடாது.

வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தைப் பலர் நம்பியிருக்கிறார்கள். அதில் பகுதி ஊனத்துக்கு ஒரு லட்சம் உண்டு என்றாலும் ஒரு கண், ஒரு கை அல்லது ஒரு கால் முழுதும் செயலிழந்தால்தான் அது கிடைக்கும். ஒரு விரலுக்குக் கிடைக்காது. இதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

குடும்ப வறுமையை அளவுகோலாகக் கொண்ட உதவிகள் வேறு வகை. இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு 80 சதவீத ஊனத்தோடு வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. அங்கே மற்ற வருமானத்தைப் பற்றிய கேள்வி நியாயமாகவே வரும். பிரிட்டனில் யுனிவர்சல் கிரெடிட் பெறுபவருக்குத் தனியார் வருமானக் காப்பீட்டுப் பணம் வந்தால் அரசு உதவி அந்த அளவுக்குக் குறைகிறது. அமெரிக்காவில் தலைகீழ்: அரசு ஊனத் தொகை வந்தால் பல தனியார் பாலிசிகள் தங்கள் தொகையைக் குறைத்துக்கொள்கின்றன. சந்தா கட்டியதால் வரும் உரிமையா, வறுமையைப் பார்த்துத் தரும் உதவியா என்று முதலில் கேட்டால் பாதிக் குழப்பம் தீரும். பாலிசிப் பத்திரத்தில் ‘கழித்துக்கொள்ளப்படும்’ என்ற வரி இருக்கிறதா என்று பார்த்தால் மீதியும் தீரும்.

2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இ.எஸ்.ஐ. நான்காம் அத்தியாயமாக இடம்பெற்றுள்ளது. உயர்நிலை வகுப்புகளில் சமூக அறிவியல் ஆசிரியர் இதைத் தொழிலாளர் நலப் பாடத்தோடு சேர்த்து நடத்தலாம். நான் பிள்ளைகளிடம் மூன்று விஷயங்களை வீட்டில் கேட்டு வரச் சொன்னேன்: இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா, காயம்பட்டால் விபத்துப் பதிவேட்டில் எழுதுகிறார்களா, பாலிசி இருந்தால் எத்தனை நாளுக்குள் தகவல் தர வேண்டும். மூன்றாவதற்குப் பதில் கொண்டு வந்தவர்கள் இரண்டே பேர்.

மறுநாள் ஒரு பையன், கம்பெனி பஸ்ஸிலேயே விபத்து நடந்தால் அது சேருமா என்று கேட்டான். சேரும். நிறுவனம் ஏற்பாடு செய்த வண்டியில் வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நடப்பதையும் வேலையில் நடந்த விபத்தாகவே 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 51-சி பிரிவு கொண்டது.