வலி நின்றுவிட்டது, கல் எங்கே?

கேள்வி: என் கணவர் வெளியூர் பஸ் ஓட்டுகிறார். வயது 43. மூன்று வாரத்துக்கு முன் நடுராத்திரியில் இடது விலாவிலிருந்து அடிவயிறு வரை வலி வந்து தரையில் உருண்டார். ஊசி போட்டதும் அடங்கியது. சிறுநீர்க்குழாயின் கீழ்ப்பகுதியில் 8 மில்லிமீட்டர் கல், கிட்னியில் லேசான வீக்கம் என்று ஸ்கேனில் வந்தது. மாத்திரை கொடுத்து இரண்டு வாரத்தில் வரச் சொன்னார்கள். கல் இறங்காவிட்டால் லேசர் வைக்க வேண்டுமாம். இவர் போகவில்லை. தினமும் வாழைத்தண்டுச் சாறு குடிக்கிறார். பத்து நாளாக வலியே இல்லை. "கல் கரைஞ்சு போச்சு, இனி எதுக்கு லேசர்?" என்கிறார். கரைந்திருக்குமா? லேசர் வைத்தால் கிட்னி கெட்டுவிடாதா? பாலையும் தக்காளியையும் நிறுத்திவிட்டேன். சரிதானா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: இந்த வாரமே அவரை மறுபடி ஸ்கேனுக்கு அழைத்துப் போங்கள். லீவு கிடைக்கட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

கல் தானாகவே வெளியே போயிருக்கலாம். 5 மில்லிமீட்டருக்குக் குறைவான கல் பெரும்பாலும் அப்படிப் போய்விடும். 8 மில்லிமீட்டர் கல் போகவும் செய்யும், சிக்கிக்கொள்ளவும் செய்யும். சிக்கியிருந்தால் என்ன என்பதுதான் என் கவலை. கல் உரசுவதால் வலிக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். சிறுநீர் இறங்க வழியில்லாமல் கிட்னி திடீரென்று உப்புவதால் வரும் வலி அது. அடைப்பு நாள்கணக்கில் நீடித்தால் அந்தக் கிட்னி சிறுநீர் பிரிப்பதைக் குறைத்துக்கொள்ளும். அழுத்தம் இறங்கும், வலியும் இறங்கும். கல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். மறுபக்கத்துக் கிட்னி வேலையை ஏற்றுக்கொள்வதால் சிறுநீர் வழக்கம்போலப் போகும். வெளியே எதுவும் தெரியாது. வலி இல்லை என்ற நம்பிக்கையில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு, பயனற்றுப்போன கிட்னியோடு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. காத்திருப்பதற்கு எல்லை 4 முதல் 6 வாரம். அதுவும் ஸ்கேன் பார்த்துக்கொண்டே. அவருக்கு மூன்று வாரம் போய்விட்டது. இடையில் குளிர்காய்ச்சல் வந்தால் விடியும்வரைகூடக் காத்திருக்காதீர்கள். அடைபட்ட சிறுநீரில் கிருமி சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

வாழைத்தண்டு நல்ல காய், சாப்பிடட்டும். சாறாகக் குடித்தால் தண்ணீரும் சேர்ந்து உள்ளே போகிறது, அந்த அளவில் நல்லதே. ஆனால் பெரும்பாலோருக்கு வருவது கால்சியம் ஆக்சலேட் கல். அது எந்தச் சாறுக்கும் கரையாது. யூரிக் அமிலக் கல் ஒன்றுதான், சிறுநீரின் புளிப்பைக் குறைக்கும் மருந்துக்குக் கரையக்கூடியது.

லேசருக்குப் பயப்பட வேண்டாம். ஒரு காலத்தில் விலாவைக் கிழித்துத்தான் கல்லை எடுத்தார்கள். 1980-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் கிறிஸ்டியன் சௌசியின் குழு உடலுக்கு வெளியிலிருந்தே அதிர்வலை செலுத்தி முதன்முதலாக ஒரு நோயாளியின் கிட்னிக் கல்லை உடைத்தது. அந்தக் கருவியைச் செய்தது டோர்னியர் என்ற விமான நிறுவனம். அதிர்வலை இன்றும் உண்டு. ஆனால் உடைந்த துகள்கள் வெளியேற நாள் பிடிக்கும். நடுவில் மறுபடி வலி வரலாம். ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறவருக்கு அது ஒத்துவராது. கீழ்ப்பகுதிக் கல்லுக்கு நான் சொல்வது யூரிட்டெரோஸ்கோப்பி. சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய கருவியைச் செலுத்தி, கல்லைக் கண்ணால் பார்த்தபடி லேசரால் பொடிப்பார்கள். கத்தி படாது. லேசர் படுவது கல்மேல்தான், கிட்னிமேல் அல்ல. பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். முதுகில் சிறு துளை போடுவதெல்லாம் கிட்னிக்குள் 2 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்த கல்லுக்கு.

ஒன்றைக் கேலண்டரில் குறித்து வையுங்கள். லேசர் முடிந்ததும் பலருக்கு உள்ளே டிஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைப்பார்கள். அதை டாக்டர் சொன்ன தேதியில் எடுத்தே ஆக வேண்டும். வலி இல்லை என்று இதையும் மறந்துவிடுகிறவர்கள் உண்டு. மறந்த ஸ்டென்ட்மேலேயே கல் படிந்து, எடுப்பது பெரிய ஆபரேஷனாகிவிடும்.

பாலை நிறுத்தியது தவறு, மறுபடி கொடுங்கள். உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு அனுப்பிவிடுகிறது. பாலைக் குறைத்தால் ஆக்சலேட் அதிகமாக உடம்பில் ஏறி, கல்லுக்கு வசதியாகிவிடும். தக்காளியில் ஆக்சலேட் குறைவு, தாராளமாகச் சமையுங்கள். குறைக்க வேண்டியது பாலக்கீரை, பீட்ரூட், பாதாம், முந்திரி. எல்லாவற்றையும்விட உப்பு: ஊறுகாய், அப்பளம், கருவாடு, வழியில் சாப்பிடும் சால்னா. உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும்.

ஆனாலும் அவருக்குக் கல் வந்ததில் சமையலைவிட அந்த டிரைவர் சீட்டுக்குத்தான் பங்கு அதிகம் என்று நினைக்கிறேன். கீழே என்ஜின் சூடு, மேலே வெயில். நடுவழியில் வண்டியை நிறுத்த முடியாது என்று டிரைவர்கள் தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்கள். ஒரு நாளில் இரண்டரை லிட்டர் சிறுநீராவது போக வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு மூன்று லிட்டருக்கு மேல் குடித்தால்தான் அது நடக்கும். ஒவ்வொரு டிரிப் முடிந்ததும் பஸ் ஸ்டாண்டிலேயே அரை லிட்டர், வீட்டுக்கு வந்ததும் ஒரு சொம்பு, படுக்கும் முன் இன்னொன்று. உப்புப் போடாத எலுமிச்சைச் சாறு நல்லது. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்று அவரே பார்த்துக்கொள்ளலாம்.

எடுத்த கல்லைக் கேட்டு வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அது எந்த வகை என்று தெரிந்தால்தான் அடுத்தது வராமல் தடுக்க மருந்து வேண்டுமா என்று சொல்ல முடியும். ஸ்டென்ட் இருக்கும்வரை வண்டி குலுங்கினால் சிறுநீரில் ரத்தம் வரும், அடிக்கடி அவசரமாகவும் வரும். அதை எடுத்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை மெடிக்கல் லீவு போடச் சொல்லுங்கள்.