நாய்ப்பண்ணைக்கு உரிமம் – உழவர் அறிய வேண்டியவை



அண்மையில் பயிற்சி முகாமொன்றில் உழவர் ஒருவர் எழுந்து, "ரெண்டு பெட்டை வச்சிருக்கேன். வருஷத்துக்குப் பத்துக் குட்டி விக்கிறேன். இதுக்கும் லைசென்சு வாங்கணுமாமே, சார்?" என்று கேட்டார். இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி ஆகிய நம் நாட்டு நாய்களின் குட்டிகளை விற்று உபரி வருமானம் பெறுவோர் பலர். அவர்கள் அனைவருக்குமே இந்த ஐயம் இருக்கும். எனவே விதிகளையும், அவற்றின் காரணத்தையும் இங்குக் காண்போம்.

யாருக்குப் பதிவு தேவை?

தோட்டக் காவலுக்கோ ஆட்டுக் கிடைக்கோ நாய் வளர்ப்பவர் இப்பதிவைப் பெற வேண்டியதில்லை. குட்டிகளை விற்பதற்காக இனப்பெருக்கம் செய்வோர் பெற வேண்டும். 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள் 2017-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன. இவற்றின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்து கொள்ள வேண்டும். கட்டணம் ரூ.5,000. இது திருப்பித் தரப்படமாட்டாது. இடத்தை ஆய்வு செய்த பின்னரே சான்று வழங்கப்படும். சான்று 2 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் புதுப்பிக்க வேண்டும்.

வாரியப் பதிவு ஒன்றே போதும் என்று எண்ணிவிட வேண்டாம். தொழில் உரிமம் வழங்கவும், சுகாதாரக் கேட்டைத் தடுக்கவும் உள்ளாட்சி அமைப்புகளுக்கு அதிகாரம் உண்டு. கொட்டில் கட்டுமுன் ஊராட்சி, பேரூராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் விண்ணப்பித்து, பதிலை எழுத்து மூலமாகப் பெற்று வைத்துக் கொள்ளுங்கள். கட்டிய பின்னர் இடிக்க நேர்வதைவிட இது மேலானது.

முக்கிய விதிகள்

1. 18 மாதம் நிறையாத பெட்டையையும், 8 வயதைக் கடந்த பெட்டையையும் இனச்சேர்க்கைக்கு விடக்கூடாது.

2. ஆண்டுக்கு ஓர் ஈற்று மட்டுமே எடுக்க வேண்டும். வாழ்நாளில் 5 ஈற்றுக்கு மேல் கூடாது.

3. தாய்க்கும் மகனுக்கும், தந்தைக்கும் மகளுக்கும், உடன்பிறந்தவற்றுக்கும், பாட்டன் பாட்டிக்கும் பேரக் குட்டிக்கும் இனச்சேர்க்கை கூடாது.

4. 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது.

5. விற்கும் குட்டிக்குக் குடற்புழு நீக்கமும், வயதுக்கேற்ற தடுப்பூசியும் முடிந்திருக்க வேண்டும். மைக்ரோசிப்பும் பொருத்தப்பட வேண்டும். அரிசி மணி அளவுள்ள இதைக் கால்நடை மருத்துவர் தோலுக்கடியில் செலுத்துவார். இதில் 15 இலக்க எண் இருக்கும்.

6. பிறப்பு, இறப்பு, விற்பனை, வாங்கியவர் விவரம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி வர வேண்டும்.

மூன்றாவது விதியை மறவாதீர்!

இவற்றுள் பெரிதும் மீறப்படுவதும், பெரும் இழப்பைத் தருவதும் மூன்றாவது விதியே. இராஜபாளையம் நாயில் பால்வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உள்ள குட்டிக்கே விலை அதிகம். அந்த நிறம் மாறாமலிருக்க ஒரே குடும்பத்துக்குள் மீண்டும் மீண்டும் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. இதன் விளைவு என்ன? தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் உள் காதிலும் இருந்தால்தான் செவிப்புலன் நிலைக்கும். அவை அங்கு இல்லாதபோது, பிறந்த சில வாரங்களுக்குள்ளேயே குட்டியின் காது செவிடாகிவிடுகிறது. இந்த இனத்தில் செவிடு மிகுந்து காணப்படுவது இதனால்தான். திருடன் வரும் ஓசை கேளாத நாயால் காவலுக்கு என்ன பயன்?

5 அல்லது 6 வாரக் குட்டியை நீங்களே சோதிக்கலாம். குட்டியைத் தனியே விட்டு, அது பாராத வேளையில் பின்னாலிருந்து கை தட்டுங்கள். காற்றோ தரையின் அதிர்வோ அதன்மேல் படாதவாறு தள்ளி நில்லுங்கள். பலமுறை தட்டியும் திரும்பாத குட்டியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். செவிட்டுக் குட்டியை மறைத்து விற்க வேண்டாம். அதையும், அதனைத் திரும்பத் திரும்ப ஈனும் இணையையும் இனப்பெருக்கத்திலிருந்து விலக்கி வையுங்கள். வேற்றூர்ப் பண்ணையிலிருந்து உறவில்லாத ஆண் நாயைத் தேடிச் சேர்ப்பதே சிறந்த வழி.

கொட்டிலும் கழிவும்

கொட்டிலை அண்டை வீட்டாரின் படுக்கையறைச் சுவரை ஒட்டி அமைக்காதீர்கள். குரைப்பொலியே முதல் புகாராக வரும். தரை சற்றே சரிவாக இருந்தால் கழுவிய நீர் தேங்காது. நாய்ச் சாணத்தை மாட்டுச் சாணம்போல் எண்ணிக் காய்கறிப் பாத்தியில் இடக்கூடாது. அதிலுள்ள உருளைப்புழு முட்டைகள் மண்ணில் நெடுநாள் உயிரோடிருந்து சிறுவர்களைத் தாக்கும். கிணற்றுக்குத் தொலைவில் குழி வெட்டிப் புதைப்பதே நல்லது.

வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியைக் குட்டிக்கு 3 மாத வயதில் போட வேண்டும். ஆகவே 8 வாரத்தில் விற்கும் குட்டிக்கு அது போடப்பட்டிருக்காது. வாங்குபவரிடம் நாளைக் குறித்துக் கொடுத்து, ஆண்டுதோறும் தொடரவும் சொல்லுங்கள். இந்நோயின் அறிகுறி தோன்றிய பின் காப்பாற்றுவது அரிது. கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சான்று விதையும் சான்றுக் குட்டியும்

நீல அட்டை கட்டிய விதைப்பையை நம்பி வாங்குகிறோம். காரணம், வயலைப் பார்வையிட்டு, கலப்பு நீக்கி, முளைப்புத்திறன் சோதித்த பின்னரே அந்த அட்டை கட்டப்படுகிறது. நாய்ப்பண்ணைப் பதிவும் அத்தகையதே. இராஜபாளையம், சிப்பிப்பாறை ஆகிய இரண்டையும் தேசிய கால்நடை மரபுவள அமைப்பு 2020-ஆம் ஆண்டில் தனி இனங்களாகப் பதிவு செய்தது. அந்தப் பெயரைக் காப்பது குட்டி விற்கும் ஒவ்வொருவர் கையிலும் உள்ளது.

முகாமில் கேட்ட அந்த உழவருக்கு நான் சொன்ன மறுமொழி இதுதான்: "ஆம், வாங்கத்தான் வேண்டும். ஆனால் முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எந்தக் குட்டி எந்தத் தாய்க்கும் எந்தத் தகப்பனுக்கும் பிறந்தது என்று இன்றே எழுதத் தொடங்குங்கள்." நீங்களும் அவ்வாறே தொடங்கி, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகிப் பயன் பெறுவீர்களாக!